சட்டம் கற்ற தமிழ்ப் பெரியார் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலே, புத்தூருக்கும் நீர்வேலிக்கும் அணித்தாக அமைந்துள்ளது சிறுப்பிட்டி என்னும் சிற்றூர். தோட்டச் செய்கையும் தெய்வ பக்தியும் நிறைந்த இக்கிராமத்திலே 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆந் திகதி, வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் புதல்வராக அவதரித்தவரே இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் செல்லரித்த ஏடுகளிலிருந்து மீட்டு அச்சுவாகனம் ஏற்றியவர் என்று பாடசாலைப் பிள்ளைகளும் அவரை அறிவர். ஆயினும் அவர் பல்கலைக்கழகத்திலே சட்டம் பயின்று பட்டம் பெற்றவர் என்பதையும், வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர் என்பதையும் எம்மவரிற் பலர் அவ்வளவாகக் கருத்திற் கொள்வதில்லை. பாடப்புத்தகங்களில் அது ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றது. அந்த ஒரு வரியைச் சற்று விரித்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிள்ளையவர்கள் ஆரம்பத் தமிழறிவைத் தந்தையாரிடமும், இலக்கண இலக்கியங்களைச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடமும் கற்றார். பின்னர் 1844 முதல் 1852 வரை வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்றார். அமெரிக்க மிஷனரிமாரால் 1823இல் ஆரம்பிக்கப்பட்ட அக்கல்லூரியில் ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், தமிழ் என யாவும் உயர்ந்த தரத்திலே போதிக்கப்பட்டன. கல்வி வேண்டின் அவர்களின் சமயச் சூழலிலே வாழவேண்டும் என்பதே அக்காலத்து நிலை. பிள்ளையவர்களும் அச்சூழலிலே வளர்ந்தவரே. பிற்காலத்தில் அவர் சைவத்தின்பால் முற்றாகத் திரும்பி, சைவ மகத்துவம் என்ற நூலையும் எழுதினார் என்பதை எமது ஆலய அடியார்கள் அறிந்திருத்தல் நன்று.

படிப்பு முடிந்ததும் கோப்பாயில் சிறிது காலம் ஆசிரியப் பணி. அதன் பின்னர், முன்பு யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்குச் சென்றிருந்த பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பின் பேரில் கடல் கடந்து சென்று, தினவர்த்தமானி என்ற பத்திரிகையின் ஆசிரியரானார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். அவ்வேளையில்தான், 1857இலே, சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அடுத்த ஆண்டில் நடைபெற்ற முதலாவது பீ.ஏ. பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறொல் விசுவநாதபிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தவர், இருவருமே வட்டுக்கோட்டையிலே கற்றவர். தென்னிந்தியாவின் முதற் பட்டதாரிகள் எமது மண்ணின் மைந்தர்கள் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் சலிப்பதில்லை.

பட்டம் பெற்றவருக்கு உத்தியோகத்துக்குக் குறைவில்லை. கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையிலே துணையாசிரியராயிருந்து, பின்னர் சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச் சாலையிலே சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து அதன் விசாரணைக் கருத்தரும் ஆனார். நல்ல சம்பளம், நிலையான வேலை, ஓய்வூதியம். எமது ஊர்களிலே அரசாங்க உத்தியோகம் என்றால் வேறொன்றும் வேண்டாம் என்றிருக்கும் மனநிலையை நாம் அறிவோம். அக்காலத்தில் அது இன்னும் வலுவாக இருந்தது. அப்படிப்பட்ட உத்தியோகத்திலே இருந்துகொண்டே, பிள்ளையவர்கள் மீண்டும் மாணவராகிச் சட்டம் படிக்கத் தொடங்கினார். 1871ஆம் ஆண்டு பீ.எல். பரீட்சையிலே தேறினார். அப்போது அவருக்கு நடந்துகொண்டிருந்தது 39ஆவது வயது.

அக்காலத்திலே சட்டம் படிப்பது எத்தகையது என்பதைச் சிறிது விளக்கவேண்டும். கம்பனி ஆட்சி நீங்கி முடியாட்சி வந்த பின்னர் இந்தியாவின் நீதி முறை முழுவதும் மாறிக்கொண்டிருந்தது. சிவில் நடைமுறைச் சட்டம் 1859இலும், தண்டனைச் சட்டம் 1860இலும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1861இலும் இயற்றப்பட்டன. 1862இல் சென்னை ஹைக்கோர்ட்டு உருவானது. பழைய வழக்கங்களை மனப்பாடமாக அறிந்தவர்களின் காலம் போய், அச்சிட்ட ஆங்கிலச் சட்டங்களை வாசித்து வாதிக்க வல்லவர்களின் காலம் வந்தது. இலண்டன் சென்று பாரிஸ்டராகித் திரும்புதல் பெருஞ் செல்வர்களாலேயே முடியும். கொழும்பிலே வாழ்ந்த சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள் அவ்வாறு சென்று 1863இலே பாரிஸ்டராகினார். மற்றையோருக்குப் பல்கலைக்கழகத்து பீ.எல். பட்டமே வழி. அப்பட்டம் பெற்றவர் ஹைக்கோர்ட்டிலே வக்கீலாகப் பதிவு செய்துகொள்ளலாம், கீழ் நீதிமன்றங்களிலும் தோன்றலாம், முன்சீப் முதலிய நீதித்துறைப் பதவிகளுக்கும் போகலாம்.

எமது நாட்டிலோ அன்று பல்கலைக்கழகமே இல்லை. கொழும்புச் சட்டக் கல்லூரிகூட 1874இலேதான் தொடங்குகின்றது. இலங்கைப் பல்கலைக்கழகத்திலே சட்டத்துறை ஏற்பட்டது 1947இலே. ஆகவே 1871இல் ஒரு சிறுப்பிட்டிப் பிள்ளை சட்டத்திலே பட்டம் பெறவேண்டுமாயின் சென்னையைத் தவிர வேறு அணுக்கமான இடம் கிடையாது. சென்னைச் சட்டக் கல்லூரியும் அப்போது தனியாக எழவில்லை, அது 1891இலேதான் வந்தது. அதற்கு முன் சட்ட வகுப்புகள் மாநிலக் கல்லூரியோடு இணைந்தே நடந்தன.

அந்தப் படிப்பு ஒரு மனிதரை எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். தாமோதரம்பிள்ளை பிறந்த அதே 1832ஆம் ஆண்டிலே தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர் முத்துசாமி ஐயர். வறிய குடும்பம். சிறுவனாயிருந்தபோது கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாவுக்கு வேலை செய்தவர். அவர் சட்டம் கற்று, படிப்படியாக உயர்ந்து, 1878இலே சென்னை ஹைக்கோர்ட்டின் முதலாவது இந்திய நீதிபதியானார். தெருவிளக்கின் கீழிருந்து படித்தார் என்று அவரைப் பற்றி இன்றும் கதை சொல்வார்கள். அதே தஞ்சைச் சீமையிலே மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம்பிள்ளை, ஆங்கிலத்திலிருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழிலே பெயர்த்து 1862இல் நூலாக வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இலே தந்தவரும் அவரே. சட்டமும் தமிழும் ஒரே மனத்திலே குடியிருக்க முடியும் என்பதற்கு அன்று சான்றுகள் இல்லாமலில்லை.

இனி நம் பெரியாரிடம் வருவோம். பட்டம் கைக்கு வந்ததும் உத்தியோகத்தை உதறிவிட்டு நீதிமன்றத்துக்கு ஓடவில்லை. மேலும் 11 ஆண்டுகள் கணக்குச் சாலையிலேயே பணியாற்றினார். இதனைச் சிலர் வீண் என்று எண்ணக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குடும்பப் பொறுப்புள்ள ஒருவர் நிலையான வருவாயை விடாமல், அது முடியுங் காலத்துக்கென்று மற்றொரு தொழிலை முன்கூட்டியே கையிலே தேடி வைத்துக்கொள்வது விவேகமே. இதற்கிடையில் அவரின் உள்ளம் வேறோர் இடத்திலும் ஊன்றியிருந்தது. 1868இலேயே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தார். அப்பதிப்பைப் பரிசோதித்து உதவியவர் நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் ஆவார். 1879 டிசெம்பரிலே நாவலர் பெருமான் இறைவனடி சேர்ந்தார். அதன் பின்னரே பிள்ளையவர்களின் பதிப்புப் பணி வேகங் கொள்வதைக் காண்கின்றோம். 1881இல் வீரசோழியம் வெளிவந்தது.

1882இலே உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றார். வயது 50. அன்றைய கணக்கிலே அது வீட்டுத் திண்ணையில் இருந்து தேவாரம் ஓதும் வயது. அவரோ அப்போதுதான் கும்பகோணத்திலே குடியேறி வக்கீலாகத் தொழில் செய்யலானார். 11 ஆண்டுகள் பெட்டியிலே கிடந்த பட்டம் அன்று வெளியே வந்தது.

கும்பகோணம் வழக்குகளுக்குக் குறைவில்லாத ஊர். காவேரி பாயும் நஞ்செய் நிலங்கள், குத்தகை, பங்கு, சுவீகாரம், வாய்க்கால் நீர் எனப் பிணக்குகள் ஏராளம். இவற்றோடு கோயில் வழக்குகளும் சேர்ந்துகொண்டன. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டத்தினால், அதுவரை கோயில்களின் நிருவாகத்தைக் கவனித்து வந்த அரசாங்கம் அப்பொறுப்பிலிருந்து விலகி, அதனைத் தருமகர்த்தாக்களிடமும் உள்ளூர்க் குழுக்களிடமும் விட்டுவிட்டது. அதன் விளைவாகக் கோயிற் கணக்கு, கோயிற் காணி, தருமகர்த்தா உரிமை என்பன நீதிமன்றப் படியேறின. எமது பக்கத்திலே வேலிச் சண்டையும் கோயிற் சண்டையுமே அப்புக்காத்துமாரையும் பிறக்கிறாசிமாரையும் வாழவைத்தன என்று பெரியவர்கள் பகிடியாகச் சொல்வதுண்டு. காவேரிக் கரையிலும் நிலைமை பெரிதும் வேறல்ல.

கும்பகோணத்து வாழ்க்கை அவருக்கு வேறொரு பெரும் பேற்றையும் அளித்தது. பக்கத்திலே திருவாவடுதுறை ஆதீனம், சிறிது தூரத்திலே தஞ்சைச் சரசுவதி மகால். ஏட்டுச் சுவடிகள் நிறைந்த பூமி அது. பகலிலே நீதிமன்றம், மற்றைய நேரமெல்லாம் ஏடு என்றாயிற்று அவர் வாழ்வு. 1883இலே இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வந்தன. ஒன்று ஆலவாய்ப் பெருமானே அருளியதாகச் சைவர்கள் போற்றும் அகப்பொருள் நூல், மற்றையது திருத்தணிகை முருகன் புகழ் பாடுவது. 1885இலே தொல்காப்பியப் பொருளதிகாரம். ஏட்டின் கட்டை அவிழ்த்தால் ஓரம் முறியும், இதழைப் புரட்டினால் துண்டு துண்டாய் உதிரும் என்ற நிலையிலிருந்த சுவடிகளைக் கொண்டு அந்நூலை அவர் உருவாக்கினார். 1887இலே கலித்தொகை. சங்கத் தொகை நூலொன்றை அச்சிலே கண்ட பேறு தமிழுலகுக்கு அவராற் கிடைத்தது.

அவரின் பதிப்புரைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அவை புலவரின் எழுத்து மட்டுமல்ல, வக்கீலின் எழுத்துமாகும். எந்தச் சுவடி எங்கிருந்து வந்தது, எது முழுமையானது, எதில் எப்பகுதி குறைவு, ஏடு எழுதியவன் எங்கே தவறியிருப்பான் என்று ஒவ்வொன்றையும் சாட்சியை விசாரிப்பது போல விசாரிக்கின்றார். தன் முடிபுக்கு எதிராக மற்றவர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபத்தைத் தாமே எடுத்துக்காட்டி மறுமொழி கூறுகின்றார். வீரசோழியப் பதிப்புரையிலே தமிழின் வரலாற்றை எட்டுக் காலங்களாக வகுத்துக் கூறினார். அவர் குறித்த காலங்களை இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. ஆயினும் ஆதாரம் காட்டிப் பேசவேண்டும் என்ற அந்தப் பழக்கம் வெறும் புராணக் கதையோடு நின்றுவிடாத ஒன்று. கணக்குச் சாலையும் சட்டப் படிப்பும் சேர்ந்து தந்த பழக்கம் அது என்பது என் எண்ணம்.

மற்றொன்றையும் இங்கே சொல்லவேண்டும். சைவராகிய அவர் பதிப்பித்தவற்றில் வீரசோழியம் பௌத்தர் செய்தது, சூளாமணி சமணர் செய்தது. தம் சமயம் வேறு, தமிழ் வேறு என்று நடுநிலை பிறழாது நின்றார்.

அவரும் மனிதரே. சீவக சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கவேண்டும் என்று விரும்பினார். அதே கும்பகோணத்திலே கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பிக்க முனைந்திருந்தார். பிள்ளையவர்கள் அவரிடம் சுவடிகளையும் குறிப்புகளையும் தமக்குத் தருமாறு மிக வற்புறுத்திக் கேட்டார். ஐயர் இணங்கவில்லை. 1887இலே ஐயரின் பதிப்பாகவே சிந்தாமணி வெளிவந்தது. ஐயர் இதனைத் தமது சுயசரிதத்திலே விரிவாக எழுதியுள்ளார். வாதத்திலே பலரை வென்ற வக்கீல் தோற்ற வழக்கு இதுவொன்று எனலாம். தோற்றது தமிழுக்கு நட்டமாகவில்லை. இருவரின் உழைப்பும் தமிழுக்குக் கிடைத்தது.

அதே 1887இலே, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் நீதிபதிப் பதவி பிள்ளையவர்களைத் தேடி வந்தது. சேஷையா சாஸ்திரியார் அங்கே நிருவாகத்தைச் சீர்திருத்தி நடத்திக்கொண்டிருந்த காலம் அது. 1890 வரை பிள்ளையவர்கள் அப்பதவியிலே இருந்தார். நீதியாசனத்திலே இருந்த அந்நாளிலும் ஏட்டை விடவில்லை. இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889இலே வந்தன. சுதேச மன்னரின் சமஸ்தானத்திலே நீதி வழங்கும் இடத்துக்குச் சிறுப்பிட்டியிலே பிறந்த ஒருவர் வந்தாரென்றால், அதற்கு வழி திறந்தது 1871இலே பெற்ற அந்தப் பட்டமே. கணக்குச் சாலை உத்தியோகம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்த ஆசனத்துக்கு அவரை அழைத்துச் சென்றிராது.

இவ்விடத்திலே இன்றைய எமது பிள்ளைகளை நினையாமலிருக்க முடியவில்லை. க.பொ.த. உயர்தரம் என்றதும் வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டையுமே பெற்றார் கனவு காண்கின்றனர். கலைப்பிரிவிலே கற்கும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்பது போலப் பேசுகின்றோம். எந்தப் பிரிவிலே கற்றாலும் சட்டம் படிக்க வழியுண்டு என்பது பலருக்குத் தெரியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலே சட்டபீடம் உண்டு. பேராதனையிலும், எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சட்டத்துறை உண்டு. திறந்த பல்கலைக்கழகத்திலே வேலை செய்துகொண்டே சட்டமாணிப் பட்டத்துக்குப் படிக்கலாம். தாமோதரம்பிள்ளை கணக்குச் சாலையிலிருந்து படித்தது போல என்று சொல்லலாம். சட்டக் கல்லூரிக்குத் தனியான நுழைவுப் பரீட்சை உண்டு. பட்டம் மட்டும் கையிலிருந்தால் வழக்காட இயலாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். சட்டக் கல்லூரியின் பரீட்சைகளிலே தேறி, சட்டத்தரணி ஒருவரின் கீழ்ப் பயிற்சி பெற்று, உயர் நீதிமன்றத்திலே சத்தியப்பிரமாணம் செய்த பின்னரே ஒருவர் சட்டத்தரணியாவார். முன்பிருந்த அப்புக்காத்து, பிறக்கிறாசி என்ற பிரிவு 1974இலே நீங்கி எல்லோரும் சட்டத்தரணிகளே ஆயினர்.

சட்டம் படித்தவர் எல்லோரும் கறுப்புக் கோட்டுப் போட்டு வாதாடத்தான் வேண்டும் என்பதுமில்லை. நொத்தாரிசாக உறுதி எழுதலாம், அரச சட்டத்தரணியாகலாம், நீதிச்சேவைப் பரீட்சையெழுதி நீதவானாகலாம், சட்டவரைஞராகலாம், வங்கிகளிலும் கம்பனிகளிலும் சட்ட உத்தியோகத்தராகலாம், பல்கலைக்கழகத்திலே கற்பிக்கலாம். போரின் பின்னர் உறுதி தொலைந்த காணி, எல்லை அழிந்த காணி, இறந்தவரின் பெயரிலே கிடக்கும் காணி என்று எம்மக்கள் அலைவதைக் காணும்போது, தமிழிலே விளங்கச் சொல்லக்கூடிய சட்டத்தரணி ஒருவர் கிராமத்துக்கு எவ்வளவு தேவை என்பது புரியும். தேசவழமைச் சட்டம் தெரியாமல் சீதனக் காணியை எழுதி இடர்ப்படுவோரும் உள்ளனர். ஆங்கிலம் இதற்கு மிக அவசியம். சட்ட அறிக்கைகள் பெரும்பாலும் அம்மொழியிலேயே உள்ளன. வட்டுக்கோட்டையிலே எட்டு ஆண்டுகள் பெற்ற ஆங்கிலம் இல்லாதிருந்தால் பிள்ளையவர்களுக்கும் பீ.எல். எட்டாக்கனியே.

புதுக்கோட்டையிலிருந்து விலகிய பின் பிள்ளையவர்கள் சென்னைக்கு மீண்டார். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை 1891இலும், சொல்லதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1892இலும் பதிப்பித்தார். இந்நூல்களை வாங்குவோர் அன்று மிகச் சிலரே. உத்தியோகத்திலும் வழக்கிலும் தேடிய பொருளை அச்சகத்துக்கும் ஏடு தேடும் பயணங்களுக்குமே செலவிட்டார். பெரிய மாளிகை கட்டியிருக்கலாம், தோட்டந் துரவு வாங்கியிருக்கலாம். ஊரை மறந்தாரா என்றால் அதுவுமில்லை. ஏழாலையிலே ஒரு பாடசாலையை நிறுவித் தமிழ்க் கல்விக்கு உதவினார்.

1895இலே அரசாங்கம் அவருக்கு இராவ்பகதூர் பட்டம் அளித்துக் கௌரவித்தது. அவரின் புதல்வர்களுள் ஒருவரான அழகசுந்தரம், தந்தையார் விட்டுவந்த கிறிஸ்தவ சமயத்தைத் தாம் தழுவி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரோடு தமிழறிஞராக விளங்கினார். தந்தை ஒரு வழி, மைந்தன் ஒரு வழி. தமிழ் மட்டும் இருவருக்கும் பொதுவாக நின்றது.

1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி, புத்தாண்டு நாளிலே, பிள்ளையவர்கள் சென்னையில் இறைவனடி சேர்ந்தார். பரிதிமாற் கலைஞர் முதலிய புலவர்கள் அவர் பிரிவுக்கு இரங்கிப் பாடினர். அவர் சட்டம் பயின்ற பல்கலைக்கழகம் இன்றும் சென்னைக் கடற்கரையோரத்திலே நிற்கின்றது. அவர் பதிப்பித்த நூல்கள் எமது ஊர் வாசிகசாலை அலுமாரிகளிலும் உள்ளன.